கேள்விக்காக ஒரு காயம்

பயணமொன்றில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்தது. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையானது. காயத்தில் தண்ணீர் படுவதற்கு அஞ்சிய அவர், தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். குளித்தார், மௌத்தாகிப் போனார். செய்தியைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவரைக் கொன்றவர்கள் அந்தத் தோழர்களே என்றும், தெரியாத விடயத்தைக் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றும் கண்டித்ததாக ஜாபிர் (ரலி) வழியாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. நமது ஊர்களின் ஜும்ஆப் பிரசங்கங்களில் இந்தச் சம்பவத்தைப் பெரும்பாலும் மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்க வேண்டும் என்பதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்களல்லர். சட்டத்தைக் கேலி செய்தவர்களுமல்லர். கேள்வி கேட்கப்படும் முன்பே கையில் விடையை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு மனிதன் சாவதற்கு அது போதுமானதாக இருந்தது.

இதே நிலைமையை வைத்தியசாலைக் கட்டிலில் வைத்துப் பார்ப்போம். சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உம்மா கொடுத்த சிறுநீரகத்தோடு இரண்டு வருடமாக வாழ்கிறார். உடம்பு அந்த உறுப்பை ஒதுக்கிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்குகிறார். இப்போது பத்து நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல், நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் இரண்டு சுவாசப்பைகளிலும் மூடுபனி படர்ந்த மாதிரி வெண்மை. அந்த வெண்மைக்குப் பின்னால் காசநோய் இருக்கலாம். நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை இருக்கலாம். சைட்டோமெகலோ வைரசாக இருக்கலாம். கிருமியே இல்லாமல், அவர் விழுங்கும் மாத்திரையே சுவாசப்பையைப் புண்ணாக்கியிருக்கலாம். படத்தில் எல்லாம் ஏறத்தாழ ஒரே முகம்தான். கிருமி என்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். மருந்தின் ஒவ்வாமை என்றால் அந்த மருந்தை நிறுத்தி, ஸ்டெரொய்டைக் கூட்டி எதிர்ப்புச் சக்தியை மேலும் அடக்க வேண்டி வரலாம். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு நஞ்சாகிவிடும். இந்த இடத்தில்தான் டொக்டர், பயொப்சி செய்து பார்க்கலாமா என்று கேட்கிறார்.

என் வாதம் ஒரே புள்ளியைச் சுற்றியது. பலவீனமான ஓர் உடம்பிலிருந்து சதைத் துண்டு எடுப்பது ஆகுமா ஆகாதா என்று கத்தியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தத் துண்டிடம் கேட்கப் போகும் கேள்வியைப் பார்த்தே சொல்ல முடியும். வரும் விடை அடுத்து எடுக்கும் முடிவை மாற்றும் என்றால் அந்தக் காயம் அந்த ஹதீஸ் சொல்லும் கேட்டலின் வகையைச் சேரும். எந்த விடை வந்தாலும் அதே மருந்துதான், அதே முடிவுதான் என்றால், அது காரணமில்லாத காயம். நோயாளி எவ்வளவு பலவீனமானவரோ அவ்வளவுக்குக் கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும்.

துண்டு என்று நாம் பயப்படுவது பெரும்பாலும் எவ்வளவு சிறியது என்பதையும் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இறக்கி, அதன் நுனியிலுள்ள சிறு இடுக்கியால் கிள்ளி எடுக்கும்போது வருவது இரண்டு மூன்று மில்லிமீற்றர். அரிசிக் குறுணை அளவுதான். விலா எலும்புகளுக்கிடையில் துளையிட்டுச் சத்திரசிகிச்சையாக எடுத்தால் துண்டு பெரிது, விடை கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல். ஆபத்தும் அதற்கேற்பக் கூடுதல். இரத்தத் தட்டுகள் குறைந்த லுகேமியா நோயாளிக்கு இரத்தம் கசிந்து நிற்காமல் போகலாம். சுவாசப்பையைச் சுற்றிக் காற்றுப் புகுந்து அது சுருங்கிப் போகலாம். ஏற்கனவே ஒக்சிசனில் இருப்பவர் மூச்சு யந்திரத்துக்குப் போக வேண்டி வரலாம். எடுத்த குறுணையை இரண்டாகப் பங்கிட வேண்டும்: ஒரு பங்கு ஃபோமலினுக்கு, ஒரு பங்கு கிருமி வளர்க்கும் ஆய்வுகூடத்துக்கு. எல்லாவற்றையும் ஃபோமலினில் போட்டுவிட்டால் திசுவின் உருவம் பத்திரமாக இருக்கும், கிருமி செத்துவிடும். எந்த மருந்துக்கு அது மசியும் என்ற விடை அந்தப் போத்தலோடு போய்விடும். வெள்ளிச் சாயம் ஏற்றிய கண்ணாடியில் நியூமோசிஸ்டிஸ் நசுங்கிய பந்துகளைப் போல் கறுப்பாகத் தெரியும். காசநோய்க் கிருமி வேறொரு சாயத்தில் நீலப் பின்னணியில் சிவந்த குச்சிகளாகக் கிடக்கும். கேள்வியைத் தெரிந்து அனுப்பினால்தான் எந்தச் சாயம் ஏற்றுவது என்று ஆய்வுகூடத்துக்குத் தெரியும்.

முதல் மறுப்பு தவக்குல், அதாவது அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைப்பது பற்றியது. நோயைத் தந்தவன் அல்லாஹ், ஷிஃபா தருபவனும் அவனே. தளர்ந்து கிடக்கும் உடம்பை மேலும் கிண்டுவது எதற்கு என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் மருந்து செய்வது பொதுவாக சுன்னத். எல்லா நிலையிலும் கட்டாயம் என்று நமது இமாம்கள் சொல்லவில்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலி இஹ்யாவின் தவக்குல் பாடத்தில் காரணங்களை மூன்றாகப் பிரித்ததை இங்கே மறந்துவிடுகிறோம். தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி என்பன போல் பலன் உறுதியானவை. வைத்தியர்களின் மருந்து போல் பலன் பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கவை. சூடு போடுவது, மந்திரிப்பது போல் பலன் வெறும் எண்ணத்தளவில் நிற்பவை. முதலாவதை விடுவது தவக்குல் ஆகாது. உயிருக்கு ஆபத்து என்றால் ஹறாம். மூன்றாவதை விடுவதே தவக்குலின் அடையாளம். நடுவிலுள்ளதைச் செய்தாலும் தவக்குல் கெடாது, விட்டாலும் குற்றமில்லை. நமது ஊரில் இந்த வரிசை சில வேளை தலைகீழாகிவிடுவதைக் கவனியுங்கள்: ஓதிய தண்ணீருக்கும் கையில் கட்டும் இஸ்முக்கும் ஓடுகிற வீடு, ஆய்வுகூடப் பரிசோதனைக்கு மட்டும் தவக்குலை நினைவுபடுத்தும். (துஆவை நான் இங்கே சேர்க்கவில்லை, அது வேறு வாசல்.) கஸ்ஸாலியின் பிரிவை நோயறியும் கருவிக்கும் நீட்டினால், பயொப்சிக்கு நிலையான ஓர் இடம் கிடையாது. கேள்வியைப் பொறுத்து அது நடு வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறும், மூன்றாவதற்கும் இறங்கும்.

அடுத்த மறுப்பு நடைமுறையானது, அதனாலேயே வலுவானது. எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்தைக் கொடுத்துப் பார்த்தால் என்ன, வெட்டாமலே குணமாகிறதே என்பது. சாதாரண நியூமோனியாவில் இது நியாயம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம் மருந்தும் ஒரு கத்திதான், வெட்டு வெளியில் தெரியாது என்பதுதான் வித்தியாசம். காசநோயாக இருக்கலாம் என்று ரிஃபாம்பிசின் தொடங்கினால் அது ஈரலைத் தூண்டி, சிறுநீரகத்தைக் காக்கும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளை இரத்தத்திலிருந்து வேகமாகக் கழித்துவிடும். உம்மா கொடுத்த உறுப்பையே உடம்பு ஒதுக்கத் தொடங்கலாம். பூஞ்சையாக இருக்கலாம் என்று அம்ஃபொடெரிசின் ஏற்றினால் அது நேரே சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியது. ஒன்றும் தெரியாமல் ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்க வைப்பது வெட்டாமல் விட்டதாக ஆகாது. கேட்காமலே விடை சொன்னதாகத்தான் ஆகும்.

அம்பாறைக் கரையில் இதற்கு நேரடியான உதாரணம் ஒன்று இருக்கிறது: மெலியொய்டோசிஸ். சேற்றிலும் வயல் தண்ணீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வருவது. மாரி மழையோடு கூடுவது. சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் முக்கியமாகப் பிடிப்பது. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வெள்ளாமைக்காரனுக்கு இந்த மூன்றும் ஒன்றாக வாய்க்கும்: கால் வெடிப்போடு பெரும்போகத்து வயலில் நிற்பவன், மழை, கட்டுக்கடங்காத சீனி. சீனி வருத்தத்தை எதிர்ப்புச் சக்திக் குறைவு என்று நாம் நினைப்பதேயில்லை. உண்மையில் நமது ஊரில் அதுதான் மிகப் பரவலான வடிவம். இந்த நோய் சுவாசப்பையில் வந்தால் எக்ஸ்ரேயில் காசநோய் போலவே குழி விழுந்து தெரியலாம். காசநோய் மருந்தால் இது குணமாகாது. வழக்கமாகத் தொடங்கும் பல அன்டிபயோட்டிக்குகளுக்கும் மசியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரொபெனம் நரம்பு வழியாக இரண்டு கிழமையாவது ஏற்றி, பிறகு மூன்று மாதமாவது கோ-டிரைமொக்சசோல் கொடுக்க வேண்டும். இலங்கையில் இது 1927இல் ஓர் ஐரோப்பியரிடம் முதலில் பதிவானது. பிறகு பல பத்தாண்டுகள் ஏறத்தாழ மறக்கப்பட்டே கிடந்தது. கிருமி இல்லாமலா போனது? ஆய்வுகூடத்தில் முளைத்தாலும் வேறொரு கிருமி என்றோ, கலப்படம் என்றோ ஒதுக்கப்படக் கூடிய தோற்றம் அதற்கு. கேட்கத் தெரியாத காலமெல்லாம் நோய் இல்லாத காலமாகக் கணக்கிடப்பட்டது.

ஆனால் இந்த உதாரணம் என் வாதத்துக்கு ஒரு கட்டுப்பாட்டையும் போடுகிறது. மெலியொய்டோசிஸ் இரத்தத்திலும் சளியிலும் வளரும். அதற்காகச் சுவாசப்பையைக் கிள்ள வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. நமது ஃபிக்ஹ் சட்டக்கலையில், நிர்ப்பந்தம் தடையை நீக்கும், ஆனால் தேவையின் அளவுக்கு மட்டும்தான் என்று ஒரு விதி உண்டு. சளி, இரத்தம், சீ.டி. ஸ்கேன், மூச்சுக்குழாயில் உப்புநீர் விட்டு உறிஞ்சி எடுக்கும் கழுவல் நீர் ஆகிய சிறிய கேள்விகள் விடை தந்துவிட்டால் பெரிய காயத்துக்கு அனுமதி இல்லை. முன்னர் திறந்து எடுக்கும் பயொப்சி தேவைப்பட்ட பலருக்கு இப்போது அந்தக் கழுவல் நீரே போதுமாகிவிட்டது. காயத்தின் தேவை குறைவதே அறிவு வளர்ந்ததற்கு அடையாளம்.

மூன்றாவது மறுப்பை வைத்தியர்களே எழுப்புகிறார்கள். எனக்கு மிகக் கடினமாகப் படுவதும் இதுதான். பயொப்சி செய்தவர்கள் செய்யாதவர்களை விடக் கூடுதலாகப் பிழைத்தார்களா? 1985இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு, சுவாசப்பையில் கடும் அழற்சி வந்த புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு மார்பைத் திறந்து துண்டு எடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஊகத்தின் பேரில் மருந்து கொடுத்தார்கள். திறக்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பிரான்சின் 16 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 219 புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், உடம்புக்குள் கருவி செலுத்தாத பரிசோதனைகளோடு மூச்சுக்குழாய்க் கழுவலையும் சேர்த்துச் செய்தவர்களின் நிலைமை, அது இல்லாதவர்களை விட மேம்படவில்லை. இவற்றைக் காட்டி, பார்த்தீர்களா, தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் 16 நாடுகளில் எதிர்ப்புச் சக்தி குறைந்த 1,611 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மூச்சுத் திணறலின் காரணம் கடைசிவரை கண்டுபிடிக்கப்படாதவர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்று சொல்கிறது. அறியாமை கொல்கிறது, ஆனால் அறிவதற்காகச் செய்வது எப்போதும் காப்பாற்றுவதில்லை. இரண்டும் முரண்போல் தெரிந்தாலும் முரணில்லை. முதல் இரண்டு ஆய்வுகளும் ஒரு பிரிவினர் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கருவியை நீட்டின. அவர்களில் பலருக்கு விடை வேறு வழியில் கிடைத்திருக்கும், வேறு பலருக்கு விடை கிடைத்தும் மருந்து மாறியிருக்காது. சத்திரசிகிச்சைப் பயொப்சி பெரும்பாலானவர்களிடம் குறிப்பான ஒரு விடையைத் தருகிறது. அந்த விடையால் சிகிச்சை மாறுவதோ அவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான். அந்தப் பகுதி யார் என்று முன்கூட்டியே பிரித்தறிவதுதான் வைத்தியனின் வேலை. எல்லோரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்தப் பகுதி மறைந்துவிடும்.

ஹிஜ்ரி 660இல் (1262) மறைந்த ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், மருத்துவமும் ஷரீஅத்தும் ஒரே அமைப்புடையவை என்று எழுதியிருக்கிறார்: இரண்டும் நலனைக் கொண்டுவரவும் தீங்கைத் தடுக்கவும் ஏற்பட்டவை. எல்லா நலனையும் ஒன்றாகப் பெற முடியாதபோது, எது மேலானது என்று தெரிந்தால் அதைத் தேர வேண்டும். சமம் என்றால் விரும்பியதைத் தேரலாம். தெரியாவிட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கருத்தின் சாரம். இந்தக் கடைசி நிபந்தனை சட்ட நூலில் அழகாக இருக்கிறது. ஒக்சிசன் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் நிறுத்திக்கொள்வது என்றால் என்ன? அங்கே கைகட்டி நிற்பதும் ஒரு செயல்தான். எனவே தெரியாதபோது நில் என்ற விதி, உயிர் போகும் அவசரத்தில் தெரிந்துகொள் என்ற விதியாக மாறுகிறது. அவருடைய சொல்லில் இது இல்லை, அவருடைய தர்க்கத்தில் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

இங்கே நமது சமூகத்துக்கே உரிய ஒரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். மையத்தை அறுப்பதை நாம் விரும்புவதில்லை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற ஹதீஸ் நமது மனதில் ஆழமாக இருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தினால் தவிர, ஜனாஸாவைச் சீக்கிரம் வாங்கி அடக்கவே ஓடுகிறோம். மருத்துவ அறிவில் பெரும்பகுதி பிணவறையில்தான் பிறந்தது. மெலியொய்டோசிஸைக் கண்டுபிடித்ததே 1911, 1912 காலத்து ரங்கூனில், விட்மோரும் கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனை செய்துதான். எயிட்ஸ் விடயத்தில் அப்படி நடக்கவில்லை: 1981 ஜூன் 5ஆம் திகதி அமெரிக்காவில் வெளியான முதல் அறிக்கை, லொஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த நியூமோசிஸ்டிஸைப் பற்றியது. அந்த நோய் பயொப்சியால் உறுதி செய்யப்பட்டிருந்தது. ஆரோக்கியமான வாலிபர்களுக்கு வரவே கூடாத ஒன்றைச் சதைத் துண்டு காட்டிக் கொடுத்ததால்தான், எதிர்ப்புச் சக்தியையே தின்னும் புதிய நோய் ஒன்று உலகத்தின் கண்ணில் பட்டது. மௌத்துக்குப் பிறகு கேட்கும் கதவை நாமே சாத்திவைத்திருக்கிறோம். அதற்குரிய காரணங்களை நான் மதிக்கிறேன். அப்படியானால் ஹயாத்தோடு இருக்கும்போது கேட்கும் கதவையும் சாத்துவது இரட்டைப் பூட்டு.

கடைசி மறுப்பு புத்தகத்தில் இல்லை, நமது அனுபவத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்ற காரணம் காட்டப்பட்டது. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அதற்கு முன்பு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளும், வாப்பாவின் சாம்பலை வாங்க மறுத்த வீடுகளும் இருந்தன. அறிவியல் என்ற பெயரில் ஒருமுறை காயப்பட்ட சமூகம், வெள்ளை அங்கியும் கத்தியும் வந்து கேட்கும்போது பின்வாங்குவதில் என்ன பிழை? பிழையில்லை. ஆனால் அன்று நாம் என்ன கேட்டோம்? ஆதாரம் எங்கே என்றுதான் கேட்டோம். வெறும் எண்ணத்தை வைத்து மனிதனின் உடம்பில் கைவைக்காதே என்றோம். இஸ்லாமியச் சட்டக்கலையின் சொல்லில், வஹ்மை வைத்து உரிமையை மீறாதே என்றோம். அதே கேள்வியை அதே கண்டிப்போடு வைத்தியசாலைக் கட்டிலருகிலும் கேட்கலாம்: டொக்டர், இந்தத் துண்டு எதைச் சொன்னா மருந்தை மாத்துவீங்க? எதைச் சொன்னா மாத்த மாட்டீங்க? நல்ல வைத்தியர் இதைக் கோபமில்லாமல் எதிர்கொள்வார். விடை சொல்ல முடியாவிட்டால், கைச்சாத்துப் போடாமல் இருக்க அந்தக் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு.

மறுக்கும் உரிமை மார்க்கத்திலேயே இருக்கிறது. வலிப்பு நோயால் அவதிப்பட்ட பெண்ணொருத்திக்கு, பொறுமையா, குணமாக துஆவா என்று நபி (ஸல்) அவர்கள் தெரிவைக் கொடுத்ததும், அவள் பொறுமையைத் தேர்ந்துகொண்டு, விழும்போது உடம்பு வெளிப்படாமல் இருக்க மட்டும் துஆ கேட்டதும் புகாரியில் இருக்கிறது. ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1992இல் இதைச் சட்டமாக ஒழுங்கு செய்தது: விட்டால் உயிரோ உறுப்போ போகும் என்றாலோ, நோய் பிறருக்குப் பரவும் என்றாலோ சிகிச்சை கட்டாயம், சிகிச்சையின் தீங்கு நோயின் தீங்கை விடப் பெரிதாகும் என்ற அச்சமிருந்தால் அது மக்ரூஹ், சுயபுத்தியுள்ளவரின் சம்மதம் இல்லாமல் பொதுவாகத் தொடக் கூடாது. புற்று உடம்பெல்லாம் பரவி, மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரின் சுவாசப்பைக் கட்டி புற்றா பூஞ்சையா என்று துளையிட்டு அறிவதில் எந்த முடிவும் மாறாது. அந்தக் கேள்வியை அவருடைய உம்மாவும் பிள்ளைகளும் விட்டுவிடலாம். மல்லிகைப் பூவும் யாசீனுமாக மிச்ச நாட்களைக் கழிக்கலாம். ஆனால் இந்த விலக்கை, வெலிசறை நெஞ்சு நோய் வைத்தியசாலைக்கோ கண்டிக்கோ போக வேண்டிய, நாற்பது வயதில் உயிருக்குப் போராடும் சிறுநீரக நோயாளிக்கு நீட்டக் கூடாது. இரவு பஸ், கொழும்பில் தங்க ஒரு வீடு, கூட நிற்க ஒரு மச்சான் என்று செலவும் களைப்பும் கூடும்போது, பொறுமை என்ற சொல் சில வேளை களைப்புக்கு மறுபெயராகிவிடுகிறது.

அகாடமியின் தீர்ப்பில் பரவும் நோய் தனியாகக் குறிக்கப்பட்டிருப்பது வீணாக அல்ல. ஒருவரைக் காயப்படுத்தி இன்னொருவரைக் காப்பாற்ற முடியாது. பயொப்சி அவருடைய சம்மதத்தோடு, அவருடைய நலனுக்காகவே செய்யப்பட வேண்டும். ஆனால் விடை அவரோடு நிற்பதில்லை. துண்டை வெட்டிச் சாயமேற்றிப் பார்க்க நாள்கள் பிடிக்கும். காசநோய்க் கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க வாரங்கள். அறிக்கை கோப்புக்கு வரும்போது நோயாளி இல்லாமல் போயிருக்கலாம். வீட்டில் கத்தம் முடிந்திருக்கலாம். அதில் சிவந்த குச்சிகள் இருந்ததாக எழுதியிருந்தால், மருதமுனையிலோ நற்பிட்டிமுனையிலோ ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அவரோடு ஒரே பாயில் படுத்த பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சின்னவனுக்கு இருமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.